யார் கணக்கில் சாதி: தமிழ்க் கிறிஸ்தவம் பற்றிய ஆய்வுகள், ஒரு மதிப்பீடு

கிறிஸ்தவத்தில் சாதி இல்லை, கிறிஸ்தவர்களிடம்தான் இருக்கிறது என்று சொல்வது தமிழ்நாட்டுத் திருச்சபைகளில் பழகிப்போன பேச்சு. பிரசங்கத்திலும் கேட்கலாம், மாநாட்டுத் தீர்மானத்திலும் படிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை நாளிதழின் மணமகள் தேவைப் பத்தியில் 'ஆர்.சி. வன்னியர்', 'சி.எஸ்.ஐ. நாடார்' என்று வரும் விளம்பரங்களைப் பார்த்து யாரும் திடுக்கிடுவதும் இல்லை. கொள்கை ஒரு பக்கம், வழக்கம் ஒரு பக்கம் என்று இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளும் இந்தச் சௌகரியத்துக்கு நானூறு வயதாகிறது. அது எங்கிருந்து வந்தது, யாருக்கு உதவியது என்று வரலாற்றாசிரியர்களும் மானிடவியலாளர்களும் இறையியலாளர்களும் கடந்த ஐம்பது ஆண்டுகளாக எழுதி வருகிறார்கள். அவற்றை வரிசையாக வைத்துப் படித்தால் ஒன்று புலப்படும். சாதி மதத்தைச் சேர்ந்ததா, சமூகத்தைச் சேர்ந்ததா என்று ஒவ்வொரு காலத்திலும் கேட்டிருக்கிறார்கள். விடையும் ஒவ்வொரு காலத்துக்கு ஒன்றாக மாறியிருக்கிறது. ஆனால் எந்த விடையானாலும் சாதியை அடுத்தவர் கணக்கில் எழுதிவிட்டு, சொன்னவர் கையைத் துடைத்துக்கொள்ள உதவியிருக்கிறது.

கணக்கைத் தொடங்கியவர் ராபர்ட் தெ நொபிலி. 1606-இல் அவர் மதுரைக்கு வந்தபோது அங்கே ஏற்கெனவே ஓர் இயேசு சபைக் கோயில் இருந்தது. கொன்சாலோ ஃபெர்னாண்டஸ் என்ற முன்னாள் சிப்பாய் அதைக் கவனித்து வந்தார். கோயிலுக்கு வந்தவர்கள் முத்துக்குளித்துறைப் பரதவரும் போர்த்துக்கீசியரும்தான். மதுரையின் மேல்சாதியார் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பரங்கி மார்க்கம் என்ற பெயர்தான் தடை என்று நொபிலி கண்டார். காவி உடுத்தி, புலால் விட்டு, தனி வீட்டில் சந்நியாசியாக அமர்ந்தார். மதம் மாறிய பிராமணர் குடுமியையும் பூணூலையும் சந்தனத்தையும் விட வேண்டியதில்லை என்றார். அவை குலத்துக்கும் அந்தஸ்துக்கும் உரிய அடையாளங்கள், வழிபாட்டோடு அவற்றுக்கு ஒட்டில்லை என்பது அவர் வாதம். ஃபெர்னாண்டஸ் அதை ஏற்கவில்லை. வழக்கு 1619-இல் கோவாவில் கூடிய மாநாட்டுக்குப் போய், அங்கிருந்து ரோமுக்குப் போனது. 1623-இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி நொபிலிக்குச் சாதகமாக அனுமதி கொடுத்தார்.

நெடுங்காலம் இந்தக் கதையை நொபிலி பக்கமிருந்தே எழுதினார்கள். பண்பாட்டை மதித்த முன்னோடி ஒருவர், குறுகிய மனம் கொண்ட சக குரு ஒருவர், அவ்வளவுதான். இனெஸ் ஜுபனோவ் 1999-இல் வெளியிட்ட நூல் இந்தச் சித்திரத்தைக் கலைத்தது. இருவரும் ரோமுக்கு எழுதிய கடிதங்களையும் விளக்கங்களையும் எதிரெதிரே வைத்துப் படித்தவர் அவர். நொபிலி ஏடுகளை மேற்கோள் காட்டினார். பிராமணர் எழுதிவைத்ததே இந்தச் சமூகத்தின் சட்டம் என்று கொண்டார். ஃபெர்னாண்டஸோ 1616-இல் எழுதிய விளக்கத்தில் பிறப்பு முதல் இறப்பு வரையான சடங்குகளை ஒவ்வொன்றாக விவரித்து, இவற்றிலிருந்து மதத்தைப் பிரித்தெடுக்க முடியாது என்று காட்டப் பார்த்தார். படிப்பாளி ஜெயித்தார், சிப்பாய் தோற்றார். எனக்கு ஃபெர்னாண்டஸ் பக்கம் கொஞ்சம் சாய்வு உண்டு. அவருடைய நோக்கம் எதுவாயிருந்தாலும், பூணூல் வெறும் ஆடை அலங்காரம் அல்ல என்பதில் அவர் சொன்னது சரி.

நொபிலியின் வெற்றிக்கு விலை கொடுத்தவர்கள் வேறு ஆட்கள். 1640-களிலிருந்து பண்டாரசுவாமி என்ற இரண்டாம் வகைக் குருக்கள் வந்தார்கள். சந்நியாசி வேடத்தில் இருப்பவர் கீழ்ச்சாதியாரோடு பழக முடியாது என்பதால் அவர்களுக்கென்று இந்த ஏற்பாடு. நொபிலி வழியில் அனுமதித்த வழக்கங்களைப் பற்றிய மலபார்ச் சடங்குகள் சச்சரவு முற்றியபோது, 1704-இல் பாண்டிச்சேரியில் இருந்த பாப்பரசரின் தூதர் தூர்னோன், நோயுற்ற பறையர் வீட்டுக்குள் போய் அவஸ்தைப்பூசுதல் கொடுக்கக் குருக்கள் மறுக்கக் கூடாது என்று ஆணையிட வேண்டியிருந்தது. 1744-இல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் வெளியிட்ட முடிவுரை பல சடங்குகளைத் தடுத்தது. ஆனால் பறையருக்குத் தனிக் குருக்கள் என்ற யோசனைக்கு அதுவே இடமும் கொடுத்தது. சமூக வழக்கம் என்று ஒதுக்கிவைத்த ஒன்று குருத்துவத்தையே இரண்டாகப் பிளந்துவிட்டது.

தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்த சீகன்பால்குவும் அவருக்குப் பின் வந்த லுத்தரன்களும் இந்த விஷயத்தில் கத்தோலிக்கரைக் குறைசொல்லும் நிலையில் இல்லை. அவர்களுடைய சபையிலும் சூத்திரர் ஒரு பக்கம், பறையர் ஒரு பக்கம். அந்தச் சபையின் முதல் தமிழ்க் குருவாக 1733-இல் ஆரோன் அபிஷேகம் பெற்றார், அவர் வேளாளர். அதே காலத்தில் தஞ்சைப் பகுதியில் அயராமல் உழைத்த உபதேசியார் ராஜநாயக்கன் பறையர். அவர் கையால் திருவிருந்து வாங்க மற்றவர்கள் வரமாட்டார்கள் என்பதால் அவருக்குக் குருப்பட்டம் கிடைக்கவில்லை. ஜெர்மனியில் ஹாலேக்குப் போன அறிக்கைகளில் மிஷனரிகளே இதை எழுதியிருக்கிறார்கள். டென்னிஸ் ஹட்சன் 2000-இல் வெளியிட்ட நூல் இந்த அறிக்கைகளையும் தஞ்சைச் சுவிசேஷ கவிராயர் வேதநாயகம் சாஸ்திரியாரின் எழுத்துகளையும் சேர்த்துப் படிக்கிறது. என் கணக்கில் இந்தத் துறையின் சிறந்த நூல்களில் ஒன்று. தமிழ் மூலங்களைத் தமிழர் பேச்சாகவே மதித்துப் படித்ததுதான் அதன் பலம்.

சாஸ்திரியார் விஷயத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1820-களில் புதிதாக வந்த மிஷனரிகள் செய்த கொடுமைகள் என்று அவர் நாலு விஷயங்களை அடுக்கினார்: வேத மொழிபெயர்ப்பை மாற்றினார்கள், சாதிகளைக் கலக்கச் சொன்னார்கள், கல்யாணத்தில் பூமாலையைத் தடுத்தார்கள், ஆராதனையிலிருந்து தமிழ்ப் பாட்டை நீக்கினார்கள். இன்றைய வாசகர் இந்த நாலு புகாரில் மூன்றுக்குக் கைதட்டுவார், ஒன்றுக்கு முகம் சுளிப்பார். ஆனால் சாஸ்திரியாருக்கு நாலும் ஒன்றுதான். ஐரோப்பியரின் அதிகாரத்துக்கு எதிராகத் தமிழ் வாழ்க்கையைக் காப்பாற்றும் சண்டை அது. பண்பாட்டு உரிமை என்று கொடி பிடிக்கும்போது அந்தக் கொடிக்குக் கீழே சாதியும் வந்து நின்றுகொள்ளும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடைக்காது. சுதேசிக் கிறிஸ்தவம், பண்பாட்டு மயமாக்கல் என்று 1960-களுக்குப் பிறகு குருமடங்களில் பேசியவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டாமலே போனார்கள்.

1833-இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் சாதியை உடனே, முற்றாக விடவேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். பின்னால் வந்த லைப்சிக் மிஷன் சாதி விஷயத்தில் மென்மையாக நடந்ததால் பலர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். 1847-இல் மதுரை அமெரிக்கன் மிஷன் தன் ஊழியர்கள் எல்லாச் சாதியாரோடும் ஒரே பந்தியில் உண்டு காட்ட வேண்டும் என்றது. மறுத்தவர்களுக்கு வேலை போனது. 1850-இல் சென்னை மிஷனரி மாநாடு சாதியைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. இந்த வரலாற்றை முழுதாக எழுதியவர் தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பாடம் நடத்திய டங்கன் ஃபாரஸ்டர். அவருடைய நூல் 1980-இல் வந்தது. மிஷனரிகளின் மனமாற்றத்தைத் தேதி தேதியாக அதில் காணலாம். மிஷனரி என்ன நினைத்தார் என்பது நிறைய வரும், சபையில் உட்கார்ந்திருந்தவர் என்ன நினைத்தார் என்பது கொஞ்சம்தான் வரும். பந்தியைச் சோதனையாக வைத்தவர்கள் கல்யாணத்தையும் நிலத்தையும் சோதனையாக வைக்கவில்லையே என்ற கேள்வியும் அந்த நூலில் எழுவதில்லை. ஒரு வேளை சேர்ந்து சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய் வழக்கம்போல இருந்துவிடலாம் என்பது ஊழியர்களுக்குத் தெரிந்திருக்கும்.

திருநெல்வேலியில் கதை வேறு. அங்கே கால்டுவெல் 1849-இல், பின்னாளில் நாடார் எனப்பட்ட சாணார்களைப் பற்றி எழுதிய சிறுநூல் அவர் மேய்த்த மக்களையே புண்படுத்தியது. சட்டாம்பிள்ளை என்று அறியப்பட்ட அருமைநாயகம் ஐரோப்பியக் குருமாரிடமிருந்து பிரிந்து பிரகாசபுரத்தில் இந்து கிறிஸ்தவ சபையைத் தொடங்கினார். சனிக்கிழமை ஓய்வுநாள், சாம்பிராணி, தமிழ்க் குருமார், வெளிநாட்டுப் பணம் வேண்டாம் என்பவை அதன் அடையாளங்கள். வின்சென்ட் குமாரதாஸ் இதைச் சுயமரியாதைக் குரலாகப் படித்திருக்கிறார். எலைசா கென்ட் 2004-இல் வெளிவந்த நூலில் இதே நூற்றாண்டைப் பெண்கள் பக்கமிருந்து பார்த்தார். திருவிதாங்கூர்த் தோள்சீலைக் கலகம், மிஷன் பள்ளி, பெண்ணைக் கட்டுப்படுத்தும் புது மரியாதை எல்லாம் அதில் சேர்ந்து வரும். சாதி ஏறுகிறது என்றால் வீட்டுக்குள் பெண்ணின் நடமாட்டம் சுருங்குகிறது என்று அவர் காட்டும் இடம் முக்கியமானது.

இத்தனை ஏட்டுச் சான்றுகளையும் ஒரு கட்டடம் சுருக்கிச் சொல்லும். திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளத்தில் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கி 1872-இல் முடிந்த திருக்குடும்பக் கோயில் அது. பீடம் ஒன்று, அதிலிருந்து இரண்டு நீண்ட மண்டபங்கள் கால்சட்டையின் இரண்டு கால்களைப் போலப் பிரிந்து போகும். ஒன்றில் வேளாளர்களும் அவர்களோடு சேர்ந்தவர்களும், இன்னொன்றில் நாடார்கள். பீடத்தில் நிற்கும் சாமியாரை இரண்டு தரப்பும் பார்க்கலாம். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. கட்டியவர்கள் இதைச் சமாதான ஏற்பாடாகத்தான் நினைத்தார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கௌசானல் சுவாமி காலத்தில் நடுத்தடுப்பு அகற்றப்பட்டது. வேளாளர் தரப்பு நீதிமன்றம் போய், வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை நடந்து, அவர்களுக்குச் சாதகமில்லாமல் முடிந்தது. தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த ஆ. சிவசுப்பிரமணியன் இந்த ஊரை வைத்துத் தமிழில் எழுதிய 'கிறித்தவமும் சாதியும்', ஆவணத்தோடு வாய்மொழி வழக்கையும் சேர்த்த அரிய நூல். வடக்கன்குளத்தைப் பற்றி ஆங்கிலத்தில் பிறகு எழுதியவர்களில் எத்தனை பேர் இதைப் படித்தார்கள் என்பது சந்தேகம். ஊர்க்காரர் தமிழில் எழுதினால் 'தகவல்', வெளியாள் ஆங்கிலத்தில் எழுதினால் 'ஆய்வு' என்ற வழக்கம் இந்தத் துறையிலும் இருக்கிறது.

ஆங்கிலத்தில் வடக்கன்குளத்தைப் பேசவைத்தவர் சூசன் பெய்லி. 1989-இல் வந்த அவருடைய நூல், தென்னிந்தியக் கிறிஸ்தவம் வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட சமயம் என்ற எண்ணத்தை உடைத்தது. புனிதர்கள் இங்கே வீரத் தெய்வங்களின் குணத்தை எடுத்துக்கொண்டார்கள், அரசரும் பாளையக்காரரும் மாதா கோயிலுக்கும் மானியம் விட்டார்கள், தூத்துக்குடிப் பனிமய மாதாவின் தங்கத்தேர் பரதவர் சாதித்தலைமையின் அதிகாரத்தோடு பின்னிக் கிடந்தது என்று அவர் காட்டினார். சாதிச் சண்டை என்று மிஷனரி எழுதியதெல்லாம் உண்மையில் முதல் மரியாதைக்கான சண்டை, கோயில்களில் நடந்ததும் அதுவே என்றார். இந்த வாதத்தின் அழகு எனக்குப் பிடிக்கும். ஆனால் மரியாதைப் போட்டியில் கலந்துகொள்ளத் தகுதி பெற்றவர்கள்தான் அதில் வருகிறார்கள். போட்டிக்கே வெளியே நிறுத்தப்பட்டு, தேருக்கு முன்னால் பறை அடித்தவர்கள் ஓரத்தில்தான் நிற்கிறார்கள்.

அந்தக் குறையைத் தீர்த்தவர் டேவிட் மோஸ். 1980-களின் தொடக்கத்தில் பழைய ராமநாதபுரம் சீமையில் ஒரு கிராமத்தில் தங்கி, சந்தியாகப்பர் திருவிழாவில் யாருக்கு எந்த வரிசையில் மரியாதை, யார் எந்தப் பணி செய்ய வேண்டும், யார் எப்போது மறுத்தார்கள் என்று பதிவு செய்தார். ஊருக்கு அவர் புனைபெயர்தான் வைத்திருக்கிறார். இருபது ஆண்டுகள் கழித்து அதே ஊருக்குத் திரும்பிப் போனார். 2012-இல் வந்த அவருடைய நூலில் அந்த நீளமான பார்வையின் பலன் தெரிகிறது. மோஸின் வாதத்துக்கு இரண்டு முனை. சாதியை மதத்திலிருந்து பிரித்து 'சமூக வழக்கம்' ஆக்கியது இயேசு சபையாரின் வேலை, அதனால் சாதி கோயிலுக்குள்ளேயே பாதுகாப்பாக இருந்தது என்பது ஒன்று. அதே பிரிவினைதான், சடங்கில் அடங்கிய கட்டாயப் பணியை ஒரு பள்ளரோ பறையரோ 'இது தெய்வ காரியம் இல்லை, உங்கள் ஏற்பாடு' என்று சொல்லித் தூக்கிப்போட வழிவிட்டது என்பது மற்றது. சாவுக்குப் பறையடிக்க மறுப்பதும் திருவிழா மரியாதையில் பங்கு கேட்பதும் பிறகு தலித் கிறிஸ்தவ இயக்கமாகத் திரண்டதை அவர் படிப்படியாகக் காட்டுகிறார். நொபிலியின் கருவி நொபிலி எதிர்பாராத கைகளுக்கு வந்து சேர்ந்தது.

ரூபா விஸ்வநாத் 2014-இல் வெளியிட்ட 'தி பறையா ப்ராப்ளம்' இந்த விவாதத்தின் தரையையே மாற்றியது. கோயிலை விட்டுவிட்டு அவர் வயலுக்குப் போனார். 1843-இல் அடிமைமுறைக்குச் சட்ட அங்கீகாரம் இல்லையென்று ஆன பிறகும், செங்கல்பட்டிலும் தஞ்சையிலும் பறையர் பண்ணையாட்களாகவே கிடந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் அவர்கள் மிஷனரிகளைத் தேடிப் போனார்கள். வீட்டுமனை, பள்ளிக்கூடம், மிராசுதாருக்கு எதிரான வழக்கில் துணை என்று அவர்கள் கேட்டது எல்லாம் இந்த உலகத்துக் காரியம். மிஷனரிகளோ மனம் திரும்பினார்களா, அரிசிக்காக வந்தார்களா என்று நாடி பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் மிஷனரியை ஊருக்குள் கொண்டுவந்தது மிராசுதாரின் பிடியைத் தளர்த்தியது, அதனால்தான் அவ்வளவு எதிர்ப்பு. செங்கல்பட்டுக் கலெக்டர் டிரெமன்ஹீர் எழுதிய அறிக்கையும், 1892-இல் பஞ்சமி நிலத்துக்கு வழிவைத்த அரசாணையும் இந்தச் சூழலில் வந்தவை.

விஸ்வநாத்தின் கூர்மையான கண்டுபிடிப்பு இதற்குப் பிறகு வருகிறது. பறையர் நிலை உழைப்பும் நிலமும் சார்ந்தது என்று ஒப்புக்கொண்டால் அரசு தலையிட வேண்டியிருக்கும். வரி வருவதோ மிராசுதாரிடமிருந்து. ஆகவே சாதி இந்து மதத்தின் விஷயம், மத விஷயத்தில் அரசு தலையிடாது என்று சொல்லி ஒதுங்கியது. பிறகு வந்த சீர்திருத்தக்காரர்களும் இதை மனமாற்றத்தால் தீரவேண்டிய சமூக நோய் என்று ஆக்கினார்கள். இதை நொபிலிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சாதி சமூகத்தைச் சேர்ந்தது, ஆகவே திருச்சபை தொடவேண்டாம் என்றார் அவர். சாதி மதத்தைச் சேர்ந்தது, ஆகவே சர்க்கார் தொடவேண்டாம் என்றது கம்பெனிக்குப் பின் வந்த ஆட்சி. இரண்டு வாதமும் எதிரெதிர். பண்ணையாள் இரண்டுக்கும் நடுவே விழுந்தார். மிஷன் அறிக்கைகளையும் வருவாய்த்துறைக் கோப்புகளையும் ஒரே ஆள் படித்தால் ஒழிய இது கண்ணில் படாது. திருச்சபை வரலாறு எழுதியவர்கள் வருவாய்த்துறைப் பக்கம் போனதில்லை. வேளாண் வரலாறு எழுதியவர்கள் மிஷன் கடிதங்களைப் பக்திச் சமாச்சாரம் என்று ஒதுக்கினார்கள்.

இறையியல் இதற்குள் எங்கே இருந்தது? 1980-களின் தொடக்கம் வரை இந்திய இறையியல் என்றால் பெரும்பாலும் வேதாந்தத்தோடு நடந்த உரையாடல்தான். கிறிஸ்துவைச் சத்-சித்-ஆனந்தத்தில் எங்கே பொருத்துவது என்ற கவலை. அரவிந்த் நிர்மல் 1981-இல் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் ஆற்றிய உரை, இந்த மேல்சாதித் தத்துவச் சாய்வை நேரடியாகக் கேள்வி கேட்டது. பிறகு சென்னை குருகுலம் லுத்தரன் இறையியல் கல்லூரியில் தலித் இறையியலுக்கென்று துறையே தொடங்கி, அவரே அதற்குத் தலைமை ஏற்றார். சத்தியநாதன் கிளார்க் 1998-இல் பறையரின் எல்லையம்மனையும் பறையையும் இறையியலுக்குள் கொண்டுவந்தார். நூல் இல்லாதவர்களின் வெளிப்பாடு பறையில் இருக்கிறது, கிறிஸ்துவை அதில் கேட்க முடியும் என்பது அவர் துணிவு. மதுரை அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பரட்டை என்ற பெயரில் பாட்டுக் கட்டிய தியோஃபிலஸ் அப்பாவு இதை ஆராதனையாகவே ஆக்கினார். கீர்த்தனைக்குப் பதில் நாட்டுப்புற மெட்டு, தனித்தனி வீட்டு அடுப்புக்குப் பதில் எல்லாரும் அரிசி போட்டுப் பொங்கும் ஒரே உலை. இதை ஜோயி ஷெரினியன் 2014-இல் இசையியல் பார்வையில் நூலாக எழுதினார். கருநாடக இசையில் அமைந்த கீர்த்தனைதான் சாஸ்திரியார் காப்பாற்றப் பார்த்த 'தமிழ்ப் பாட்டு' என்பதை நினைத்தால், அப்பாவு யாரோடு மோதினார் என்று விளங்கும்.

இந்தக் காலத்தில் இறையியலைவிடக் கூர்மையாகப் பேசியது இலக்கியம் என்று எனக்குத் தோன்றும். பாமாவின் 'கருக்கு' 1992-இல் வந்தது. கன்னியர் மடத்துக்குப் போய்த் திரும்பி வந்த பெண்ணின் கதை, திருச்சபைக்குள் சாதி எந்தக் குரலில் பேசும் என்பதை எந்த ஆய்வேட்டையும்விட நன்றாகக் காட்டியது. ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திரம்' கிண்டலிலேயே அதைச் செய்தது. ஆய்வாளர்கள் இவற்றை 'சான்று' என்று மேற்கோள் காட்டுவார்கள், வாதமாக எடுத்துக்கொள்வதில்லை.

தலித் இறையியலுக்கு உள்ளிருந்தே வந்த விமர்சனம் ஒன்று உண்டு. பீனியல் ராஜ்குமார் போன்றவர்கள் இந்த இறையியல் ஏன் சபைக்குள் இறங்கவில்லை என்று கேட்டார்கள். குருமடத்தில் விடுதலை பேசிப் படித்த ஐயர் ஊருக்குப் போனால் பழைய ஆராதனைமுறைப் புத்தகத்தைத்தான் எடுக்கிறார். மக்களோ பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறார்கள். ஏன் போகிறார்கள் என்பதற்கு நதானியேல் ராபர்ட்ஸ் 2016-இல் வெளியிட்ட நூலில் நல்ல விடை இருக்கிறது. சென்னைச் சேரி ஒன்றில் தங்கி அவர் எழுதியது. அங்கே ஜெபக்கூட்டத்துக்குப் போகும் பெண்களுக்குக் கடன், குடிக்கும் கணவன், நோய் எல்லாம் உண்டு. சபை அவர்களுக்குக் கொடுப்பது ஒருவர் பாரத்தை இன்னொருவர் பேரைச் சொல்லி ஜெபிக்கும் ஒரு வட்டம். பக்கத்து வீட்டார் இந்துவாகவே இருப்பார். அண்ணன் மாறாமல் இருப்பார், தங்கை மாறியிருப்பாள். மதமாற்றம் சமூகத்தைப் பிளக்கும் என்று சொல்லித்தான் 2002-இல் கட்டாய மதமாற்றத் தடைச்சட்டம் கொண்டுவந்தார்கள். 2004-இல் அது திரும்பப் பெறப்பட்டது. அந்தக் கூச்சல் நடந்த அதே ஆண்டுகளில், அதே நகரத்தில், சேரிக்குள் அப்படி எந்தப் பிளவும் இல்லை என்பது ராபர்ட்ஸ் கண்டது. அங்கே தங்களைச் சாதிப் பெயரால் சொல்லிக்கொள்வதைவிட ஏழைகள் என்றுதான் மக்கள் சொல்லிக்கொண்டார்கள். தலித் அடையாளத்தை எழுப்பிக் கட்டிய இறையியலுக்கு இது அவ்வளவு வசதியான செய்தி அல்ல. யாரும் இன்னும் நேராக முகம் கொடுக்கவில்லை.

கத்தோலிக்கத் திருச்சபை இதற்கிடையில் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டது. 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, சபைக்குள் தீண்டாமை நடப்பதைப் பாவமாகவே அறிவித்தது. 2022-இல் ஹைதராபாத் பேராயர் அந்தோணி பூலா தலித் சமூகத்திலிருந்து முதல் கர்தினாலானார். ஆனால் உளுந்தூர்பேட்டை பக்கத்து எறையூரில் 2008 மார்ச்சில் தலித் கத்தோலிக்கர் தனிப்பங்கு கேட்டுப் போராடியபோது மோதல் மூண்டு, போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் வன்னியக் கிறிஸ்தவர் இருவர் இறந்தார்கள். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் சடலங்களைப் பிரிக்கும் சுவரைப் பற்றிப் பல ஆண்டுகளாக மனு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். எறையூரில் சண்டை கொள்கை பற்றியது அல்ல. சவ ஊர்வலம் எந்தத் தெருவழியாகக் கோயிலுக்கு வரலாம், சவ வண்டி யாருக்குப் பொது என்பது பற்றியது.

சட்டம் மூன்றாவது கணக்கு எழுதியது. 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியாக மாட்டார் என்றது. 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவரையும் முஸ்லிமையும் சேர்க்கவில்லை. சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்த சூசை என்ற ஆதிதிராவிடக் கிறிஸ்தவர், தன் தொழில் தோழர்களுக்கு இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை தனக்கு மறுக்கப்பட்டதால் உச்ச நீதிமன்றம் போனார். 1985-இல் தீர்ப்பு வந்தது. மதம் மாறிய பிறகும் சாதி தொடர்வதாகக் காட்டினால் போதாது, அதே கொடுமை அதே அளவில் புதிய மதத்திலும் நீடிக்கிறது என்று நிறுவ வேண்டும், அதற்கான சான்று நீதிமன்றத்தின் முன் இல்லை என்றது. தமிழ்நாட்டில் இன்றும் மதம் மாறிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் இருக்கிறார். கல்லறைச் சுவருக்கு இந்தப் பக்கம் அவர் பறையர், தாசில்தார் அலுவலகத்தில் வெறும் கிறிஸ்தவர். 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மத வேறுபாடு பாராமல் தகுதி தரலாம் என்று பரிந்துரைத்தது. 2022-இல் இதே கேள்விக்குக் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் வந்தது.

ஆக, நீதிமன்றம் கேட்டது ஆய்வாளர்கள் செய்ய வேண்டிய வேலை. அதை அவர்கள் எவ்வளவு செய்திருக்கிறார்கள்? மதம் மாறிய தருணத்தைப் பற்றி அலமாரி நிறையப் புத்தகம் இருக்கிறது. மாறி நாலு தலைமுறை ஆனவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்பதற்கு ஓரிரு தட்டுதான். 1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவான பிறகான காலம் அநேகமாகக் காலி. மிஷன் போனபோது விட்டுப்போன நிலம், பள்ளி, கல்லூரி, ஆஸ்பத்திரி எல்லாம் யார் கைக்கு வந்தன, பேராயத் தேர்தலில் சாதி எப்படி எண்ணப்படுகிறது, தாளாளர் பதவியும் ஆசிரியர் நியமனமும் எந்த வட்டத்துக்குள் சுற்றுகின்றன என்பதெல்லாம் சபையார் தினமும் பேசுவது, ஆய்வில் வராதது. லயனல் கேப்லன் 1987-இல் சென்னைப் புராட்டஸ்டன்ட் நடுத்தர வர்க்கத்தைப் பற்றி எழுதியதை இந்த வழியில் யாரும் நீட்டிக்கொண்டு போகவில்லை. இடைநிலைச் சாதிகள் விஷயமும் அப்படியே. கன்னியாகுமரி முக்குவப் பெண்களைப் பற்றிக் கல்பனா ராம் 1991-இல் எழுதினார். வன்னியர், உடையார், கள்ளர் கிறிஸ்தவர்களுக்கு அதுபோல ஒன்றைத் தேடிக் களைத்துப்போக வேண்டும். எறையூரில் சுட்டுக்கொல்லப்பட்டவர்கள் எந்த நம்பிக்கையில் தெருவுக்கு வந்தார்கள் என்று தெரியாமல் அந்தச் சண்டையைப் புரிந்துகொள்ள முடியாது.

சான்றுகளுக்குப் பஞ்சமில்லை. ஹாலேயிலும் லண்டனிலும் இருப்பதை வெளிநாட்டார் படித்துவிட்டார்கள். செண்பகனூரில் இயேசு சபை ஆவணக்காப்பகம் இருக்கிறது. அதைவிட முக்கியமாக ஒவ்வொரு பழைய பங்கிலும் ஞானஸ்நானப் பதிவேடு, திருமணப் பதிவேடு, அடக்கப் பதிவேடு என்று மூன்று தடித்த புத்தகங்கள் இருக்கின்றன. பழைய ஏடுகள் பலவற்றில் பெயருக்குப் பக்கத்தில் சாதியும் எழுதியிருக்கும். யார் யாரைக் கட்டினார்கள், ஞானத்தாய் தகப்பனாக யார் நின்றார்கள், யாரை எங்கே புதைத்தார்கள் என்று நூறு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு ஊர் ஊராக எண்ணிப் பார்க்கலாம். அந்த எண்ணிக்கை ஆணையத்தின் மேசைக்கும் போகலாம், ஆயர் இல்லத்தின் மேசைக்கும் போகலாம். பெரும்பாலான பங்குகளில் அவற்றைப் பார்க்க மறைமாவட்ட அலுவலகத்தின் அனுமதிக் கடிதம் வேண்டும்.